அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்த மூடிகள்

“…மற்றக் கையையும் விரிச்சுக் காட்டு. பைக்குள்ள என்ன கிடக்கு? மூடி போட்ட சாமான் ஒண்டும் கொண்டு வரேல்லத்தானே? உண்மையைச் சொல்லிப்போட்டு உள்ள வா!”

இப்படி என்னை வாசலில் மறித்துச் சோதனை போடுகிறவர் ஆமிக்காரர் இல்லை. என் சொந்த அக்கா. அதுவும் தன்னுடைய பிறந்தநாள் அன்று. மன்னார்ப் பாலத்தடியில் சோதனைக்கு வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். அங்கேகூடப் பையை ஒருமுறை அமத்திப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிடுவார்கள். அக்கா அப்படியெல்லாம் விடமாட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒருவருக்குப் பரிசு வாங்கும்போது நாம் பெரும்பாலும் அந்த ஆளுக்கு வாங்குவதில்லை. அவர் எப்படி மாறினால் நமக்கு நிம்மதியோ, அப்படி மாறிய ஓர் ஆளைக் கற்பனை செய்து அந்த ஆளுக்குத்தான் வாங்குகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஒன்றல்ல, ஒரு சுவர் நிறைய.

எனக்கு மன்னார் பஸாரில் ஒரு சின்னக் கடை. போன் திருத்துவேன், ரீலோட் போடுவேன், போட்டோக் கொப்பி எடுப்பேன். உண்மையான தொழில் கதைப்பதுதான். (கொப்பி எடுக்க வந்தவர்கள் எடுத்த கொப்பியை விட்டுவிட்டுப் போகிற அளவுக்குக் கதைப்பேன்.) ஆட்கள் சொல்லுகிற நல்ல வசனங்களைப் பொறுக்கிச் சேர்த்து, அடுத்து வருகிறவருக்கு எடுத்து விடுவது என் பொழுதுபோக்கு.

அக்கா ஜெசிந்தா தோட்டவெளியில் கேக் அடிக்கிறவர். கைராசிக்காரி. ஆனால் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உப்பு எடுக்கப் போனால், பிறகு அவரை முருங்கை மரத்தடியில்தான் கண்டுபிடிக்கலாம், கையில் பாதி தைத்த யன்னல் சீலையோடு. சின்ன வயதிலிருந்து ‘பஞ்சி பிடித்தவள்’ என்று பெயர். நாற்பது வயதில்தான் ஒரு டொக்டர் பொறுமையாக இருந்து கேட்டு, இதற்கு ஏ.டி.எச்.டி என்று பெயர் இருக்கிறது, மூளை கவனத்தைப் பிடித்து வைக்கிற விதமே வேறு, சோம்பல் இல்லை என்று சொன்னார். அக்கா அன்றைக்குச் சிரித்தபடியே அழுதார்.

“அது எப்பிடி அக்கா இருக்கும்?” என்று நான் கேட்டேன்.

“கண்ணில படாத சாமான் எனக்கு உலகத்திலயே இல்லை தம்பி. அலுமாரியை மூடினனெண்டா, உள்ள கிடக்கிற சட்டையெல்லாம் செத்துப்போச்சு.”

என்ன ஒரு வசனம்! அடுத்த நாளே கடைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் சொன்னேன். ரீலோட் போட வந்த ஒரு கன்னியாஸ்திரிக்குக்கூடச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள், விளங்கிக்கொண்டார்கள். விளங்காத ஒரே ஆள், அதைச் சொல்லித் திரிந்த நான்தான்.

ஏனென்றால், அதற்குள் நான் போனில் சில வீடியோக்களைப் பார்த்து நிபுணனாகியிருந்தேன். ஏ.டி.எச்.டி உள்ள பெரியவர்களுக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். முதலில் பூட்டுப் போட்ட டயறி ஒன்று கொடுத்தேன். சாவி தொலைந்தது, பிறகு டயறியும் தொலைந்தது. அடுத்து, கை தட்டினால் ‘கீ கீ’ என்று கத்துகிற சாவிக்கொத்து. அது அக்காவின் கைதட்டலுக்கு வாயே திறக்கவில்லை. ஆனால் றோட்டில் கழுதை கத்தினால் உடனே பதில் கத்தியது. தோட்டவெளியில் கழுதைக்கா பஞ்சம்? அக்காவின் சாவி ஒரு கிழமை முழுக்க ஊர்க் கழுதைகளோடு உறவு கொண்டாடிவிட்டுப் பற்றறி செத்து அடங்கியது.

இதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு வங்காலையிலிருந்து ஒரு கலியாண ஓடர் வந்தது. ஊர் நிறைந்த கலியாணம், வருகிற ஒவ்வொருவருக்கும் பெட்டியில் போட்டுக் கொடுக்க றிச் கேக். அதற்கு முதல் வந்த ஓடரில், கோயிலில் முதல் நன்மை எடுக்கிற ஒரு பிள்ளையின் கேக் திகதியை அக்கா மறந்துபோய், வெள்ளைச் சட்டையோடு அந்தப் பிள்ளை அழுதது அவரைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது.

“இதுவும் பிழைச்சுதெண்டா, கேக் வேகிற போறணையையும் பீற்றரையும் வித்துப்போட்டுப் பேசாம இருக்கப்போறன்” என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை. வாங்க ஆளும் பார்த்து வைத்திருந்தார்.

முந்திரிகை வற்றல், செரி, சீனிப்பாகில் காய்ச்சிய இஞ்சித் தோசி, பூசணித் தோசி எல்லாவற்றையும் வெட்டி, பிராந்தி விட்டு, ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலில் ஊறப்போட்டுக் குசினி யன்னலில் வைத்திருந்தார். போகும்போதும் வரும்போதும் ஒருமுறை குலுக்கிவிடுவார். கேக் அடிக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள், ஓடர் நல்லபடி முடிய மெழுகுதிரி கொளுத்த என்று மடு மாதா கோயிலுக்குப் போனார்.

அன்றைக்குத்தான் நான் பச்சை டின்களோடு வந்து இறங்கினேன்.

தடித்த பிளாஸ்ரிக் டின்கள், எல்லாம் ஒரே வடிவம், இறுக்கமான மூடி. உள்ளே என்ன இருக்கிறது என்று ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியும். அத்தான் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“மச்சான், அவளின்ர குசினியில கை வைக்காத” என்றார். “நான் சோளகக் காத்துக்குள்ளயும் கடலுக்குப் போறவன். அந்தக் குசினிக்குள்ள போறதில்லை.”

“அத்தான், இது விஞ்ஞானம்” என்றேன். (இப்படியே சொன்னேன். அத்தான் இன்றைக்கும் நான் எதையாவது உடைத்தால் “விஞ்ஞானம்” என்கிறார்.)

பின்னேரத்துக்குள் குசினியை ஒரு அரசாங்கக் கந்தோர் மாதிரி ஆக்கிவிட்டேன். பரப்பிக் கிடந்த மா, சீனி, ரவை, மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் டின்னுக்குள். ஒவ்வொன்றிலும் அழகாகப் பெயர் எழுதிச் சீட்டு ஒட்டினேன். யன்னலில் இருந்த கண்ணாடிப் போத்தல் மட்டும் என் ஒழுங்குக்கு இடைஞ்சலாகத் தெரிந்தது. பழத்தை ஒரு டின்னில் கொட்டி, மூடி, மேல் தட்டில் ஏற்றினேன். நல்ல தம்பி அல்லவா, போத்தலைக் கழுவிப் பைப்படியில் கவிழ்த்தும் வைத்தேன்.

அடுத்த நாள் காலை, மடுவில் தங்கித் திரும்பிய அக்காவின் சந்தோசத்தை வீடியோ எடுக்க வேண்டும் என்று போனைப் பிடித்தபடியே வீட்டுக்குள் நுழைந்தேன். அந்த வீடியோ இப்போதும் இருக்கிறது. “அக்கா, பரிசு எப்பிடி?” என்று என் குரல் கேட்கும். பிறகு குசினி நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருக்கிற அக்கா தெரிவார். மடியில் போன். மறுமுனையில் மணி அடிக்கிறது.

“ஆருக்கு எடுக்கிறீங்கள்?”

“கலியாணப் பொம்பிளையின்ர அம்மாவுக்கு. ஏலாதெண்டு சொல்லப்போறன்.” அழுது முடித்த குரல். “நான் பழம் ஊறப்போடேல்ல தம்பி. ஊறப்போட்ட மாதிரித்தான் ஞாபகம் கிடக்கு. ஆனா எனக்கு, செய்யோணும் எண்டு நினைச்சதும் செய்ததும் ஒரே மாதிரித்தானே கிடக்கும். போத்தல் பைப்படியில கழுவினபடி கவிண்டு கிடக்கு, போய்ப் பார். எல்லாரும் சொன்னது சரிதான். நான் ஒண்டுக்கும் உதவாதவள்.”

நாற்பது வருசமாக மறதிக்காரி என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த மனிசி. தன் கையால் வெட்டி ஊற வைத்து, தினமும் குலுக்கிய பழத்தையே இல்லை என்று நம்பிவிட்டார்.

“அக்கா… பழம் இருக்கு. டின்னுக்குள்ள.”

“எந்த டின்னுக்குள்ள?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். விடிய விடியத் திறந்து கிடந்த யன்னலால் சோளகக் காற்று வந்து என் சீட்டுகளை எல்லாம் உரித்து எடுத்திருந்தது. நிலம் முழுக்கச் சீட்டு. ‘பழம்’ என்ற சீட்டைப் பூனை முதுகில் ஒட்டிக்கொண்டு திரிந்தது. சுவர் நிறையப் பச்சை டின்கள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாமல், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அக்கா எழும்பினார். “டேய்! கண்ணில படாத சாமான் எனக்கு இல்லையெண்டு சொன்னனானா இல்லையா? நீ அதை ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனியா இல்லையா? அண்டைக்கு உன்ர காதுக்கு ஆரடா மூடி போட்டது?”

வீடியோவில் இதற்குப் பிறகு முகட்டு ஓடும் ஒரு செருப்பும்தான் தெரியும்.

அப்போது மடியிலிருந்து விழுந்த போனுக்குள் ஒரு குரல். பொம்பிளையின் அம்மா. எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறார். “பிள்ளை ஜெசிந்தா, நான் ஒண்டும் கேக்கேல்ல. தம்பிக்கு அடிச்சு முடிச்சுப்போட்டுக் கேக்கை அடியுங்கோ. கலியாணம் எங்கயும் ஓடாது.”

தேட ஆரம்பித்தோம். முதல் டின், கோதுமை மா. அடுத்தது கருவாடு. அடுத்ததை நான் அவசரத்தில் மூக்கோடு சேர்த்துத் திறந்தேன், மிளகாய்த்தூள். கண்ணைக் கசக்கிக்கொண்டு நான் தும்ம, அத்தான் வாசலில் நின்று “விஞ்ஞானம்” என்றார். கடைசியில் மேல் தட்டு டின்னை அக்கா இறக்கி மூடியை நெம்பியதும் பிராந்தி வாசம் வீட்டை நிறைத்தது. அக்கா அந்தப் பழத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கையில் பிடித்துக்கொண்டே நாளெல்லாம் தேடிய மூக்குக்கண்ணாடியைக் கண்டவர் மாதிரி.

“நான் மறக்கேல்ல” என்றார் மெதுவாக. பிறகு சத்தமாக, “இஞ்சருங்கோ, நான் மறக்கேல்ல!”

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. அக்கா எல்லா மூடிகளையும் கழற்றி யன்னலால் வீசினார். மூடிகள் காற்றில் சுழன்றுபோய் விழ, றோட்டில் நின்ற கழுதைகள் என்னவோ ஏதோ என்று விசாரிக்க வந்தன. அத்தான் போய், பழைய வலைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஆணி அடித்துத் தொங்கவிட்டார். ஏலக்காய், கராம்பு, கறுவாப் பக்கற், கரண்டி, அளவுக் கோப்பை எல்லாம் அதில் செருகியதும் வலைக்கு வெளியே எட்டிப் பார்த்தன. அக்கா ஒருமுறை கண்ணை ஓட்டினார். “இப்பத்தான் எல்லாரும் உயிரோட இருக்கினம்.”

நான் நைசாகக் கழன்று கடைக்குப் போகப் பார்த்தேன்.

“எங்க போறாய்? உந்தக் கதிரையில இரு. கதை.”

“என்னத்தைக் கதைக்கிறது?”

“உனக்கா கதை இல்லை? நீ பக்கத்தில இருந்து அலட்டினா என்ர கை நிக்காது. ஆரும் இல்லாட்டித்தான் நான் எங்கயாவது போயிடுவன்.”

என் வாழ்க்கையில் வாயை மூடு என்றுதான் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்திலும் பூசையிலும் சொந்தக் கடையிலும். கதை என்று ஒருவர் கட்டளையிட்டது அதுதான் முதல் தடவை. கதைத்தேன். பஸாரில் யார் யாரோடு கோபம் என்பதில் தொடங்கினேன். அக்கா ரவை வறுத்தார், முட்டை அடித்தார், தட்டுத் தட்டாகப் போறணையில் ஏற்றினார். இடையில் ஒரு போன் வந்து நான் வெளியே போனேன். திரும்பி வந்தால் அக்கா கதிரையில் ஏறி நின்று முகட்டில் தொங்கிய காற்றாடியைத் துடைக்கிறார்! “நீதான் கதையை நிப்பாட்டினாய்” என்றார். பிறகு நான் தண்ணீர் குடிப்பதற்குக்கூட நிறுத்தவில்லை. பொழுது சாயக் கடைசித் தட்டும் வெந்து இறங்கியது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அக்காவுக்குக் களைப்பே இல்லை.

வங்காலையில் கலியாணத்தன்று பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவர்கள் மண்டபத்திலேயே பிரித்துத் தின்றார்கள். பொம்பிளையின் அம்மா, ‘ஒன்றும் கேட்காத’ அந்த மனிசி, மிளகாய்த்தூள் உட்பட முழுக் கதையையும் மேசைக்கு மேசை போய்ச் சொன்னார். அடுத்த ஓடர் அந்த மண்டபத்திலேயே வந்தது. போறணை வாங்க இருந்தவரிடம் அக்கா, “நீங்கள் வேற இடம் பாருங்கோ, நான் இன்னொண்டு வாங்கப்போறன்” என்று சொல்லிவிட்டார். வாங்கியும் விட்டார்.

வலை இன்றைக்கும் குசினியில் தொங்குகிறது. பச்சை டின்களில் பெரியவற்றில் கோழிகள் குடியிருக்கின்றன. அக்காவின் கேக்குக்கு முட்டை அங்கிருந்துதான் வருகிறது, ஆகவே என் பரிசு வீண்போகவில்லை என்று நான் வாதாடுகிறேன். (ஒருவரும் ஏற்றுக்கொள்வதில்லை.) பெரிய ஓடர் வந்தால் அக்கா போன் எடுத்து, “தம்பி, கதை இருக்கா?” என்பார். கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவேன். ஏ.டி.எச்.டி உள்ள ஆளுக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று கடைக்கு வருகிறவர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். முதலில் அந்த ஆளிடமே கேளுங்கோ என்கிறேன். கேட்டால் மட்டும் போதாது, சொல்வதைக் காதில் வாங்குங்கோ என்றும் சொல்லுகிறேன்.

ஆகவே இந்தப் பிறந்தநாளுக்கு வெறுங்கையோடு, வாய் நிறையக் கதையோடு போனேன். வாசலில் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அக்கா நம்பவில்லை. பையைப் பறித்துக் கிண்டி, அடியில் கிடந்த என் தண்ணிப் போத்தலைக் கண்டெடுத்தார். அதன் மூடியைத் திருகிக் கழற்றி, யன்னலால் முற்றத்தில் நின்ற கழுதையை நோக்கி வீசிவிட்டு, அடுப்படிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார்.