அனுப்பாத ஏழு மெயில்கள்

தேடல் பெட்டியில் "ராஜினாமா" என்று அடித்துப் பார்த்தார், ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் சிஸ்டம் சார். வந்து நின்றவை அவரே எழுதிய மெயில்கள். ஒன்றா இரண்டா, ஏழு!

மேனேஜரிடம் திட்டு வாங்கும்போதெல்லாம் முதலாளியம்மாவுக்கு ஒரு ராஜினாமா எழுதுவார். கோபம் தணிந்ததும் அனுப்பாமல் விட்டுவிடுவார். அப்போது ஒவ்வொரு மெயிலும் தனித்தனி ஃபைல். அனுப்பாதவை யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. இப்போது ஆபீஸ் மெயில் மொத்தத்தையும் ஒரே டேட்டாபேஸில் கொட்டி, எதைத் தேடினாலும் கிடைக்கும்படி அட்டவணை போடுகிற மகானுபாவர் சாட்சாத் இவரேதான். சோதனைக்கு முதலில் தன் மெயில்களை மட்டும் அட்டவணையில் சேர்த்திருந்தார். சொந்தக் காசில் சூனியம்!

"மூணு மணிக்கு நானே தேடிப் பார்க்கப் போறேன்யா. ரெடியா?" மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"ரெ... ரெடி சார்!"

மணி இரண்டே முக்கால். மனைவி இப்போதுதான் வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போயிருக்கிறாள். இவர் வேலையும் போனால் குடும்பம் நடுத்தெருவில்தான்.

ஏழையும் அழித்தார். அழித்தாலும் அவை டேட்டாபேஸில்தானே இருக்கும்? 'புதிதாக மாறியவை' என்று அட்டவணை அவற்றை முதல் வரிசைக்குத் தூக்கிவிட்டது.

"அடப்பாவி!"

தலைப்பை 'வாழ்த்து' என்று மாற்றினார். இப்போது வாழ்த்தைத் தேடினாலும் வந்தன.

கிளம்பத் தயாராக வரிசையில் நிற்கும் மெயிலை அட்டவணை தொடாது என்பது சட்டென்று ஞாபகம் வந்தது. அங்கே கொஞ்ச நேரம் ஒளித்து வைக்கலாமே! ஏழையும் அங்கே நகர்த்த ஒரு கட்டளையைத் தட்டினார். வரிசையில் நிற்பது கிளம்பிப் போய்விடும் என்பது தட்டிய பிறகுதான் உறைத்தது.

'அறுபத்து மூன்று மெயில்கள் அனுப்பப்பட்டன.'

"ஐயையோ! ஏழுக்கு அறுபத்து மூணா? ஒவ்வொண்ணும் ஒன்பது தடவை போயிருக்கே!"

மேனேஜர் அறையில் போன் அலறியது. சற்று நேரத்தில் அவர் பேயறைந்தவர்போல வெளியே வந்து, பையோடு வாசலை நோக்கி நடந்தார். பின்னாலேயே இன்னும் நான்கு பேர்.

ரிசப்ஷன் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சார், ஆபீஸே காலியாகுது!"

"என் ராஜினாமாவை அம்மா படிச்சிட்டாங்களாம்மா?"

"உங்களோடதா? எழுதிட்டு அனுப்பாம வச்சிருந்த மத்தவங்க ராஜினாமாதான் சார் போயிருக்கு. மேனேஜரோடது மட்டுமே பதினாலு! அம்மா அத்தனையும் ஏத்துக்கிட்டாங்க."

அவர் திரையைப் பார்த்தார். அவசரத்தில், அனுப்பாத ராஜினாமாக்களில் 'என் மெயில்களை மட்டும்' என்பதற்குப் பதிலாக 'என் மெயில்களைத் தவிர' என்று கட்டளையிட்டிருந்தார்.

"இந்த ஆபீஸை விட்டுப் போகணும்னு நினைக்காத ஒரே ஆள் நீங்கதானாம் சார், அதனால நாளையிலேருந்து நீங்கதான் மேனேஜராம்!"