நாற்பது மில்லி இறங்கிய வீடு

கடப்பாரை படாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தே ஒரு வீட்டைக் காலி செய்தவள் நான். இதை எங்கே வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வேன். திருவொற்றியூரில் மட்டும் அதற்கு அவசியமில்லை, அங்கே எல்லோருக்கும் தெரியும்.

டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. குமார் அண்ணன் என்ற சின்ன கான்ட்ராக்டர் அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீடு பழசு. தோண்டத் தோண்ட அது இறங்குகிறதா என்று தினமும் லெவல் கருவி வைத்து அளந்து நான் நோட்டில் குறிக்க வேண்டும். வீட்டுச் சுவரில் ஆறு குறிகள். எதிரே, அசையாத ஏதாவது ஒன்றில் ஒரு குறி. அதோடு ஒப்பிட்டுத்தான் மற்ற ஆறும் இறங்கியதா என்று தெரியும்.

அசையாத பொருளாக நான் தேர்ந்தெடுத்தது, எதிர் காலி மனையில் நின்ற ஒரு கன்டெய்னர் லாரி. (சிரிக்காதீர்கள். ஹார்பருக்குப் போக வேண்டிய அது எத்தனை மாதமாக நின்றதோ, அதன்மேல் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. கயிறு கட்டித் துணி வேறு காயப்போட்டிருந்தார்கள். அந்தத் தெருவிலேயே உறுதியான கட்டடம் அதுதான் என்று பட்டது.)

பத்து நாள் ஒன்றுமில்லை. பதினோராம் நாள் காலை, ஆறு குறிகளும் நாற்பது மில்லிமீட்டர் இறங்கியிருந்தன. ஆறும் ஒரே அளவு! மூளை உள்ளவள் அங்கேயே நின்று யோசித்திருப்பாள். நான் ஓடினேன்.

அன்று அந்த வீட்டு மகள் செல்வி அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மூன்றாவது வரன். முதல் இரண்டும் "பொண்ணு ரொம்பப் பேசுது" என்று தட்டிப்போனவை. "இந்தத் தபா வாயத் தொறந்தே, நான் கடல்ல போயி வுழுந்துருவேன்" என்று அவள் அம்மா முந்தின நாள் மிரட்டியது எங்கள் பள்ளம்வரை கேட்டது.

"வூடு எறங்குது! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் கேசரித் தட்டோடு தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டுத் தாத்தாவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். பட்டுப்புடவையில் செல்வி அக்கா, குனிந்த தலை நிமிராமலே வந்து நின்றாள். "சகுனமே சரியில்ல, கெளம்பு" என்று மாப்பிள்ளையின் அம்மா செருப்பை மாட்டினார். எனக்கோ இரண்டு குடும்பங்களைக் காப்பாற்றிவிட்ட பெருமை.

அப்போது லாரிக்குப் பின்னாலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா பண்ணிகினு கீற?" என்றார் குமார் அண்ணன்.

"டயருக்குக் காத்து அடிச்சேம்பா. எல்லாம் படுத்துகினு இருந்துச்சு. இப்பதான் வண்டி நல்லா எழும்பி நிக்குது."

குமார் அண்ணன் லாரியைப் பார்த்தார். அதிலிருந்த என் குறியைப் பார்த்தார். "ஏம்மே, வூடு எறங்கல. உன் லாரிதான் மேல ஏறிகீது!"

பிறகு செல்வி அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"அடிப் பாவி! காலையிலேர்ந்து பொம்ம மாரி குந்திகினு கீறேன், கவுத்துட்டியேடி! லாரிக்குச் சக்கரம் கீதுன்னு காலேஜ்ல சொல்லித் தரலியா? எங்க வூட்ட அளக்கச் சொன்னா உன் கொழுப்ப அளந்துகினு கீறியா?"

அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஹார்பரில் கிரேன் ஓட்டும் மாப்பிள்ளை மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, "யம்மா, செருப்பக் கழட்டு. எனக்கு இந்தப் பொண்ணுதான் வோணும்" என்றார்.

இப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். செல்வி அக்கா குரலை உயர்த்தினால் போதும், அப்பனும் பிள்ளைகளும் "வூடு எறங்குது!" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவார்கள். போன மாதம் நான் சாப்பிடப் போயிருந்தபோதும் நடந்தது. சோற்றுக் கையோடு முதல் ஆளாக வெளியே ஓடியவள் நான்தான்.