கழுவும் நேரம்

குளியலறை வாசலில் நின்றுகொண்டு ஃபிலிம் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் மாப்பிள்ளை. சுற்றியிருந்த தாளில் ஒரு நட்சத்திரமும், அவருக்கு வாசிக்கத் தெரியாத ஏதோ மொழியில் நாலெழுத்தும் இருந்தன. எத்தனை நிமிடம் கழுவ வேண்டும் என்பது மட்டும் இல்லை.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவருடைய வேலை. கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து வீட்டிலேயே கழுவுவது பொழுதுபோக்கு. அத்தையின் பெட்டியிலிருந்த பழைய கேமராவுக்குள் இந்தச் சுருள் அகப்பட்டதிலிருந்து பொழுதுபோக்கு பொறுப்பாகிவிட்டது.

"நாலே நாலு படம்தான் எடுத்தேன். நாலும் உங்க மாமாதான்," என்றாள் அத்தை. "அதுக்கு முன்னாடி ரெண்டு ரோல் எடுத்தேன். ரெண்டும் கழுவறதுல கெட்டுப்போச்சு."

மாமா ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஊரையே உட்காரவைத்துப் படம் பிடித்தவருக்கு வீட்டில் ஒரு படம் இல்லை. அவர் காலமானபிறகு நடந்த கல்யாணம் என்பதால் மாப்பிள்ளை அவரைக் கண்ணால் கண்டதுகூட இல்லை.

"எனக்கே அவர் முகம் மங்கிட்டு வருது. நேத்து நெனச்சுப் பார்த்தா மீசை மட்டும்தான் வந்தது," என்றாள் அத்தை.

மனைவி அவரைத் தனியாக இழுத்தாள். "ஏங்க, முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. அம்மாவுக்கு ஆசை காட்டி மோசம் பண்ணாதீங்க."

ரசாயனக் கடைக்காரர் சுவரில் தொங்கிய அட்டவணையை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினார். "இந்த நட்சத்திரத்தை நான் பார்த்ததே இல்ல சார். இருட்டுல ஒரு படத்தளவு வெட்டி, அதை மட்டும் கழுவிப் பாருங்க. நேரம் பிடிபட்டதும் மிச்சத்தைக் கழுவலாம்."

"ஒரு படம் போயிடுமே?"

"மூணு மிஞ்சுமே."

கடைக்காரர் மருந்துப் பொடி எடுக்க உள்ளே போனார். மூலையில், ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் முகத்தைக் காட்டாமலே பேசினார்.

"நட்சத்திரமா? பதினெட்டு நிமிஷம் விடுங்க தம்பி. அழுத்தமான ஃபிலிம்."

தாளைப் புரட்டும்போது ஒரு புருவம் தெரிந்தது. பழைய தழும்பு ஒன்று அதைச் சரியாக நடுவில் வெட்டியிருந்தது.

பதினெட்டு நிமிடம் கழித்து வந்த துண்டு அடுப்புக்கரி மாதிரி இருந்தது. விளக்குக்கு நேரே பிடித்தபோது ஒரே ஒரு உள்ளங்கை தெரிந்தது. 'வேண்டாம்' என்பதுபோல விரிந்த கை.

மறுநாள் கடைக்காரர் உள்ளே போகும்வரை காத்திருந்து பெரியவரிடம் முறையிட்டார்.

"கறுத்துப்போச்சா? பழைய ஃபிலிம், அப்படித்தான் இருக்கும். நாலே நிமிஷம்," என்றது செய்தித்தாள்.

நாலு நிமிடத் துண்டு கண்ணாடியாக வந்தது. உற்றுப் பார்த்தால் வெறும் நாற்காலி. ஆள் இப்போதுதான் எழுந்து போனதுபோல அதன் மெத்தை அமுங்கியிருந்தது.

"அம்மாகிட்ட என்ன சொல்ல?" என்றாள் மனைவி.

"ரெண்டு இருக்குன்னு சொல்லு."

"ரெண்டு போச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

மூன்றாம் நாள் பெரியவர் அலுத்துக்கொண்டார். "மருந்தைச் சூடு பண்ணலையா? பச்சைத் தண்ணியில படம் எப்படி வரும்? நல்லா கொதிக்கக் கொதிக்க வைங்க."

கொதித்த மருந்தில் ஃபிலிமின் தோல் உரிந்தது. விளக்கைப் போட்டபோது, தட்டின்மேல் ஒரு முகம் பாலாடையாக மிதந்துகொண்டிருந்தது. கையால் அள்ளப் போனார். அது நெளிந்து, வாயை அகட்டி, வழிந்த தண்ணீரோடு சாக்கடைத் துளைக்குள் இறங்கியது. இறங்கும்போது சிரித்ததாகத்தான் அவருக்குப் பட்டது.

அன்று கடைக்குச் சண்டை போடவே போனார்.

"எங்க சார் அந்தப் பெரியவர்?"

"எந்தப் பெரியவர்?"

"தினமும் இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து பேப்பர் படிப்பாரே."

கடைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதுக்குக் கால் ஒடைஞ்சு ரொம்ப நாளாச்சு சார். சும்மா சுவத்துல சாய்ச்சு வச்சிருக்கேன். உட்கார்ந்தா அப்படியே விழ வேண்டியதுதான்."

மாப்பிள்ளை ஸ்டூலைத் தொட்டார். அது சாவகாசமாகச் சரிந்து விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். இனி யாரிடமும் கேட்பதில்லை. பதினெட்டு அதிகம், நாலு குறைவு, நடுவில் பதினொன்று. மருந்தும் பச்சைத் தண்ணீர் பதத்தில்தான். குளியல் துண்டைக் கதவடியில் செருகி, விளக்கை அணைத்து, கடைசி ஃபிலிம் துண்டைத் தட்டில் இறக்கி வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்.

பாதி எண்ணிக்கையில் கதவு தட்டப்பட்டது.

"போதும் மாப்பிள்ளை. திறந்துடுங்க."

ஆண் குரல். வீட்டில் அவரைத் தவிர ஆண் கிடையாது.

"யாரு?"

"நேரமாச்சு. கருகிடப் போகுது. திறங்க."

தாழ்ப்பாள் மெல்ல ஆடியது. மாப்பிள்ளைக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கைகால் எதுவும் அசையவில்லை. எண்ணிக்கை மட்டும் ஜுர வேகத்தில் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. படத்தைக் காப்பாற்றியது தைரியமல்ல. எழுந்துபோய்த் திறக்கும் அளவுக்கு அவரிடம் தைரியம் இல்லாததுதான்.

எண்ணி முடித்து, துண்டை அடுத்த தட்டில் போட்டு, இனி வெளிச்சம் பட்டாலும் கெடாதபடி நிலைநிறுத்தி, வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தார். கூடத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கதவைத் தட்டினது யாரு?"

"யாரும் தட்டலையே. நீங்கதான் உள்ள யார்கூடவோ பேசிட்டிருந்தீங்க."

ஃபிலிம் காய்ந்ததும் படத்தைத் தாளில் எடுத்தார். தட்டில் முதலில் மீசை வந்தது. பிறகு நாற்காலி, பிறகு முகத்தை மறைக்கப் பாதி உயர்ந்து நின்ற ஒரு கை. கடைசியாகப் புருவம். நடுவில் ஒரு தழும்பு.

ஈரம் சொட்டும் படத்தை அத்தையின் மடியில் வைத்தார். அத்தை விரலால் அந்தத் தழும்பைத் தடவினாள்.

"இவரேதான்," என்றாள். "மத்த மூணும் எங்க, மாப்பிள்ளை?"

"கெட்டுப்போச்சு அத்தை. இவரை நான் பார்த்திருக்கேன். கடையில. மூணு தடவையும் எத்தனை நிமிஷம் கழுவணும், எப்படிக் கழுவணும்னு இவர்தான் சொன்னார்."

மனைவியின் கையிலிருந்த துணி நழுவியது. அத்தைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. படத்தைப் புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள்.

"போயும் போயும் அவர்கிட்டயா கேட்டீங்க? முன்னாடி கெட்டுப்போன ரெண்டு ரோலுக்கும் நேரம் சொன்னதே அவர்தான்."