பச்சை மிளகு போகிற அளவு

பழுதாகாத பொருளையும் பழுதுபார்க்கத் தெரிந்த மனிதர் கொல்லிமலையில் மட்டுமல்ல, இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் இருக்கிறார். ஊர் அவருக்கு வைத்த பெயர் வாஷிங்மெஷின். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கக்கூடும். நான் பழகிய ஓராண்டில் அவர் மனைவி உட்பட யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

நாமக்கல்லிலும் சேலத்திலும் உயிரை விட்ட வாஷிங்மெஷின்களைத் தேடிப் பிடிப்பார். பலாப்பழம் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில் ஏற்றி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி எடப்புளி நாடு என்று மலையில் சொல்லும் ஊர்க்கூட்டத்திலிருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒருமுறை லாரியில் இடமில்லாததால் மெஷினுக்குள்ளேயே உட்கார்ந்து வந்தார் என்று சோளக்காட்டுச் சந்தையில் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன்.

துணி துவைக்க அல்ல, மிளகு உதிர்க்க. கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகுச் சரத்தைக் குவித்துப் போட்டு, மேலே ஏறி நின்று காலால் மிதித்து மணிகளைப் பிரிப்பார்கள். அதைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். ஒரு மணி நேரம் மிதித்தால் உள்ளங்கால் எரியும். ஒரு வாரம் மிதித்தால் தோல் உரியும். இவர் மனைவி பூங்கொடிக்கு ஒவ்வொரு தை மாதமும் தோல் உரிந்தது. இவர் மெஷின் தேட ஆரம்பித்தார்.

நான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு ஓர் ஆக்சிலரேட்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களை ஆறு மாதம் தத்தெடுத்து, பயிற்சியும் ஆலோசகர்களும் பட்டறை வசதியும் கொடுத்துத் தூக்கிவிடும் அமைப்பு அது. பெயர் வேண்டாம். சொன்னால் அதுவும் விளம்பரமாகிவிடும்.

சோளக்காடு பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அவருக்கான விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன்.

"உங்க வாடிக்கையாளர் யாருங்கண்ணா?"

"எம் பொண்டாட்டிங்க."

"சரி. போட்டியாளர் யாருங்க?"

"அவ காலுங்க."

அப்படியே எழுதிக்கொண்டேன். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பழைய மெஷின் டிரம்மில் அவர் கையால் போட்ட துளைகளின் ஓரம் பிசிறு பிசிறாக நின்று மிளகின் தோலைக் கிழித்தது. துளைகள் வழுவழுவென்று இருக்கும்படி எவர்சில்வர் டிரம் ஒன்று, தை பிறப்பதற்குள் வேண்டும். எங்கள் திட்டத்தில் பட்டறை உதவி இருந்தது. கிடைத்துவிடும் என்று நான் வாயால் சொன்னேன். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

கோயம்புத்தூரில் பயிற்சி தொடங்கியது. முதல் நாள் காலை தேநீர் இடைவேளை முடிந்து வந்தபோது புரொஜெக்டர் பதினாறு துண்டுகளாக மேஜைமேல் கிடந்தது. வாஷிங்மெஷின் கையில் திருப்புளி.

"பேன் சத்தம் வந்துச்சுங்க கண்ணு. உள்ள ஒரே தூசி."

மதியத்துக்குள் பூட்டிவிட்டார். அதற்கு முன் அதில் அவ்வளவு தெளிவாகப் படம் தெரிந்ததில்லை. ஆனால் பயிற்சியாளர் பாதி நாள் வீணானதாக அறிக்கை எழுதினார். மறுநாள் அலுவலகத்துச் சுழல் நாற்காலிகள், அதற்கடுத்த நாள் தண்ணீர் இயந்திரம். மூன்றாம் நாள் முடிவில் அலுவலகத்தில் சத்தம் போடும் பொருளென்று இயக்குநர் மட்டுமே மிச்சமிருந்தார்.

பிறகு ஆலோசகர்கள் வந்தார்கள். வாரத்துக்கு ஒருவர், வீடியோ அழைப்பில். எடப்புளி நாட்டில் சிக்னல் பிடிக்க வாஷிங்மெஷின் ஒரு பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். காற்றில் வேட்டி பறக்க, ஒரு கையில் வேட்டியும் ஒரு கையில் போனுமாக நின்று ஆறு பேரிடம் அறிவுரை வாங்கினார். முதலாமவர் மலையில் மட்டும் விற்கச் சொன்னார். இரண்டாமவர் மலையை மறந்துவிட்டுக் கேரளாவுக்குப் போகச் சொன்னார். மூன்றாமவர், ஐந்து ஆண்டுகளில் இந்த மெஷின் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடி யோசிக்கச் சொன்னார். இவர் பாறைமேல் கண்ணை மூடினார். "அஞ்சு வருசத்துல மோட்டார் காயில் போயிருமுங்க, மாத்தோணும்" என்றார். நான்காமவர், மிளகு உதிர்ந்து முடிந்ததும் போனுக்குச் செய்தி வரும்படி ஒரு செயலி செய்யச் சொன்னார். பாறைக்குக் கீழே நின்ற பூங்கொடி அக்காவுக்கு அது கேட்டுவிட்டது.

"கண்ணு முன்னாடி உதிருது. அத போன்ல வேற பாக்கோணுமா? ஏனுங்க, அந்தாளை ஒரு நாள் இங்க வந்து மிதிக்கச் சொல்லுங்க!"

ஐந்தாமவரும் ஆறாமவரும் டிரம் பற்றிக் கேட்கவே இல்லை. வாஷிங்மெஷின் கேட்டது ஒரு பொருள். நாங்கள் கொடுத்தவை: ஆறு ஆலோசகர், ஒரு டி-சர்ட், ஒரு தண்ணீர் பாட்டில், லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்று. பட்டறை உதவி எல்லாருக்கும் கிடையாது, இறுதிப் போட்டியில் வெல்பவருக்கு மட்டும் என்று பாதியில்தான் எங்களுக்கே சொன்னார்கள்.

அவருடன் பயின்றவர்களில் ஓர் இளைஞர் வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். வாஷிங்மெஷின் அவரைக் 'கோட்டுத் தம்பி' என்பார். கோட்டுத் தம்பியிடம் அதுவரை கோட்டு இருந்தது, தொழில் இருக்கவில்லை.

'தன் வடிவமைப்பை வெளியாருக்குக் காட்டக் கூடாது' என்று கோயம்புத்தூர் பயிற்சி ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. அதை வாஷிங்மெஷினுக்கு நானே படித்துக் காட்டினேன். "சரிங்க கண்ணு" என்று கையெழுத்துப் போட்டார். அன்று மதியச் சாப்பாட்டின்போது காகிதத் தட்டு ஒன்றின் பின்பக்கம் டிரம்மை வரைந்து, அளவெல்லாம் குறித்து, கோட்டுத் தம்பி கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, இப்பத்தானே படிச்சுக் காட்டினேன்?"

"வெளியாளுக்குக் காட்டக் கூடாதுன்னீங்க. இவரு நம்ம கூடவே சோறு திங்கறாருங்களே?"

"அவரே இதைச் செஞ்சுக்குவாருங்க."

"செய்யட்டுமே. வெத கேட்டு வந்தவங்கள எங்கூட்டுல வெறுங்கையோட அனுப்பறதில்லீங்க."

அவர் ஊரில் விதைப்புக் காலத்தில் சாமை விதை இல்லாதவர் இருப்பவர் வீட்டில் போய்க் கேட்பார். கொடுப்பவர் எப்போது திரும்பும் என்று கேட்கமாட்டார். விளைந்ததும் வாங்கியவர் தாமாகக் கொண்டுவந்து கொடுப்பார். திருப்பித் தராதவருக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். விரல் மடக்கி வீடு வீடாக எண்ணிப் பார்த்தார்.

"அப்படி ஆரும் இருந்ததில்லீங்களே சாமி."

"இது விதை இல்லீங்கண்ணா. வரைபடம்."

"ரெண்டையும் மடிச்சு மடியிலதானுங்க கட்டிக்கறாங்க?"

மார்கழி பிறந்ததும் இறுதிப் போட்டி. பெரிய ஹோட்டல். ஆளுக்கு மூன்று நிமிடம். வாஷிங்மெஷின் பச்சை மிளகுச் சரம் ஒரு சாக்கு கொண்டுவந்து மேடையில் கொட்டினார். நடுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க, செருப்பக் கழட்டிப்போட்டு ஒரு பத்து நிமிசம் மிதிச்சுப் பாருங்க. அப்புறம் மெசினப் பத்திப் பேசலாம்."

நடுவர் ஷூவை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அரங்கம் சிரித்தது. "உங்கள் வடிவமைப்பை வேறு யாராவது காப்பி அடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று நடுவர் கேட்டார்.

"அடிச்சாச்சுங்களே. அந்தத் தம்பிகிட்ட ஒண்ணு இருக்குது" என்று கோட்டுத் தம்பியைக் காட்டினார். இதற்கும் சிரித்தார்கள். மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்தது. "இந்த மணில ஸ்பிரிங் தொங்குதுங்க" என்று மேடையிலிருந்து இறங்கி அதைக் கழற்ற ஆரம்பித்தார்.

அடுத்து கோட்டுத் தம்பி. அதே டிரம், ஆனால் திரையில், ஏழு வண்ணத்தில், சுழன்றுகொண்டு. 'மலைவாழ் பெண்களின் கண்ணீரைக் கண்டு இந்த யோசனை பிறந்தது' என்று தழுதழுத்தார். அவர் எந்த மலைவாழ் பெண்ணைக் கண்டார்? பூங்கொடி அக்காவை அவர் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் கண்ணீர் அவருக்குத்தான் வந்திருக்கும்.

வென்றவர் கோட்டுத் தம்பிதான். நான் இயக்குநரிடம் ஓடினேன். "யோசனை எல்லாருக்கும் வரும்மா. நிறைவேற்றுவதுதான் தொழில்" என்றார். மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் கையில் வருகைப் பட்டியல் இருந்தது. வந்தவர்களுக்கு டிக் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

கைதட்டலுக்கு மேலே ஒரு விசில் கேட்டது. திரும்பினால் வாஷிங்மெஷின்.

"நம்ம மெசினுக்குக் கெடைச்சிருச்சு கண்ணு!"

"உங்களுக்கு இல்லீங்கண்ணா. அவருக்கு."

"அதானுங்க. மெசினுக்கு!"

போட்டி முடிந்த மூன்றாவது வாரம் இயக்குநர் என்னை அழைத்தார். பட்டறையில் கோட்டுத் தம்பியின் டிரம் தயார், ஆனால் ஒரு மணிகூட உதிர்ந்து வெளியே வரவில்லை. கொல்லிமலைக்காரரைக் கூட்டி வா என்றார். தோற்றவரை அழைத்து, வென்றவரின் பொருளைப் பழுதுபார்க்கச் சொல்கிறார்கள்! வரவேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் போன் செய்தேன். எடுத்தவர் பூங்கொடி அக்கா.

"அந்தக் கோட்டுக்காரன் நேரா அவருக்கே போன் பண்ணிட்டானுங்க. கேட்டதும் கெளம்பிட்டாரு. 'உங்களுக்கு வெக்கமே இல்லீங்களா'ன்னு கேட்டேன். 'தம்பி மேல கோவம்னா தம்பிகிட்டக் காட்டு, மெசின் என்னடி பாவம் பண்ணுச்சு'ங்கறாரு. இந்த மனுசன நான் என்னுங்க பண்றது?"

நான் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாஷிங்மெஷின் டிரம்முக்குள் தலையை விட்டிருந்தார். காகிதத் தட்டில் துளைக்கு எதிரே அவர் எழுதியிருந்தது: 'பச்ச மொளகு போற அளவு'. பட்டறைக்காரர்களுக்கு அது போதவில்லை. வீட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்து மிளகு எடுத்துவந்து அளந்திருக்கிறார்கள். காய்ந்து சுருங்கிய மிளகு! துளைகளெல்லாம் மிக நேர்த்தி, ஆனால் மிகச் சிறியவை. பரிசு வாங்கிய யாருக்கும், பரிசு கொடுத்த யாருக்கும், மிளகு பச்சையில் பெரிதாக இருக்கும் என்பது தெரியவில்லை.

வாஷிங்மெஷின் டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே பச்சை மிளகு. ஒன்றை எடுத்துத் துளையில் வைத்துக் காட்டினார். அது உள்ளே போகாமல் நின்றது. கோட்டுத் தம்பி முதல்முறையாகக் கோட்டைக் கழற்றினார்.

புது டிரம் சரியான அளவில் தயாராகி ஓடும்வரை வாஷிங்மெஷின் இரண்டு நாள் அங்கேயே இருந்தார். கிளம்பும்போது, வீணாகிப்போன முதல் டிரம்மைக் காட்டி, "தம்பி, வெளஞ்சிருச்சு. என்னுதக் குடுத்தர்றீங்களா?" என்றார், எந்தக் கூச்சமும் இல்லாமல். கோட்டுத் தம்பிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, இது விதைக் கணக்கு. கொடுத்தார்கள், 'கழிவு' என்று எழுதிய சீட்டோடு. அந்தச் சீட்டை நான் கிழித்துப் போட்டேன். அந்த வருடம் அந்த அலுவலகத்தில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

டிரம்மின் துளைகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, ஒவ்வொன்றின் பிசிறையும் தேய்த்து, தை பிறந்த நாலாம் நாள் மெஷினில் மாட்டினார். நான் போனபோது பூங்கொடி அக்கா காலை நீட்டி உட்கார்ந்து மெஷினை வேலை வாங்கிக்கொண்டிருந்தார். பாதத்தில் ஒரு கீறல் இல்லை.

"சத்தம் மட்டும் லாரி மாதிரி வருதுங்க. மத்தபடி அடங்கி நடக்குது. அவரு மாதிரி இல்ல."

வாழவந்தி நாட்டிலிருந்து நான்கு பேர் வரைபடம் கேட்டு வந்திருந்தார்கள். வாஷிங்மெஷின் என்னிடம் காகிதத்தை நீட்டினார்.

"படிச்ச புள்ள, நீங்க மில்லிமீட்டருல எழுதிக் குடுங்க கண்ணு. நான் சரியா எழுதாமப்போயி அந்தத் தம்பி எத்தன செரமப்பட்டுட்டாரு, பாவம்."

எழுதிக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, நான்கு பிரதிகள். இந்த மனிதருக்குக் கோபப்பட நேரமில்லை. பழுதுபார்க்க இன்னும் உலகம் பாக்கியிருக்கிறது. ஆனால் அவருக்காக யாராவது ஒருவர் கோபப்பட்டே ஆக வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பார்த்த வேலைகளில் விட மனமில்லாதது இது ஒன்றுதான்.