குதிருக்குள் நானூற்றுப் பன்னிரண்டு புளியமரம்

நெல்லிவாசல்நாடு,
3-2-1988

மருமகன் சிரஞ்சீவி தசரதனுக்கு, மாமா கோபால்சாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. மலையில் உன் அப்பா, அம்மா, மாடு கன்று யாருக்கும் குறைவில்லை. மதராஸில் உன் உடம்பும் உன் கம்பெனிக் கம்ப்யூட்டர்களின் உடம்பும் அப்படியே இருக்கச் சாமி துணை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜெயித்துவிட்டேன். ஊரில் எந்தப் புளியமரம் யாருடையது என்ற பட்டியல் நோட்டு இருபது வருஷமாக என் பொறுப்பில் இருப்பது உனக்குத் தெரியும். போன வருஷம் கரையான் அதன் ஓரங்களைத் தின்றதும், ரங்கன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "வாத்யாருக்கு வயசாச்சு, நோட்டு எங்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஊரில் மிஞ்சியிருக்கிற மரியாதையே அந்த நோட்டுதான். இந்தத் தை மாதப் புளி பறிப்புக்குள் அழியாத பட்டியல் ஒன்றைக் காட்டுகிறேன், இல்லாவிட்டால் பொறுப்பு ரங்கனுக்கு என்று நாட்டாண்மை முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, கம்ப்யூட்டரில் அடித்தால் எதில் பதிந்துவைக்கலாம் என்று கேட்டு உனக்கு எழுதினேன்.

நீ பிளாப்பிதான் உசத்தி, கேசட் மலிவு ஆனால் நம்ப முடியாது, எதுவானாலும் மூன்று பிரதி எடுத்து மூன்று ஊரில் வையுங்கள் என்று எழுதி, பார்ப்பதற்கு ஒரு பிளாப்பியும் அனுப்பினாய். செங்கத்தில் டைப்ரைட்டிங் நிலையம் வைத்திருக்கும் வடிவேலுவிடம் டிவியோடு சேர்த்து ஓட்டுகிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் பிளாப்பி நுழைய ஓட்டையே இல்லை. பாட்டுக் கேட்கும் டேப் ரிக்கார்டர்தான் மாட்ட முடியும். இருந்தாலும் உன் வார்த்தையைத் தட்டக் கூடாதென்று, நாம் விதையைப் பூச்சி அரிக்காமல் காப்பது போலவே பிளாப்பியை அடுப்புக்கு மேலே புகையில் ஒரு மாதம் தொங்கவிட்டேன். அப்பளம் மாதிரி நெளிந்து வந்தது. அதோடு உசத்தியின் கதை முடிந்தது. பிறகு நடந்து, ஜீப் பிடித்து, பஸ் மாறி ஒன்பது தடவை செங்கம் போய், நானூற்றுப் பன்னிரண்டு மரத்தையும் இங்கிலீஷ் எழுத்தில் ஒற்றை விரலால் அடித்து, ஆடி மாதம் மூன்று கேசட்டில் ஏற்றினேன்.

ஒன்று படவேட்டில் உன் சின்ன அத்தை வசந்தியிடம். அவள் அதைப் பத்திரமாக ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தின் மேல் வைத்திருந்தாள், பாதி மரம் போய்விட்டது. ஒன்று வடிவேலுவின் கண்ணாடி அலமாரியில், வெயிலில் வளைந்தே போயிற்று. மூன்றாவதை உன் அத்தை அம்சவல்லி என் கையிலிருந்து பிடுங்கி, "வெதைக்கு இன்னா பண்றமோ அத்தத்தான் இதுக்கும் பண்ணணும்" என்று எண்ணெய்த் தாளில் சுற்றி, சாம்பலும் வேப்பிலையும் போட்டு, குதிருக்குள் கேழ்வரகு நடுவே புதைத்தாள். நான் சிரித்தேன். இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று ரங்கனையே சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு செங்கம் போனேன். கேசட் ஓடியது. "இன்னா வாத்யாரே, கீச்சு கீச்சுன்னு கத்துதே, மரம் எங்க?" என்றான். கம்ப்யூட்டருக்கு அந்தக் கீச்சுதான் எழுத்து என்று சொல்லி ஐந்து நிமிஷம் அவனைப் பிடித்து உட்காரவைத்தேன். பிறகு டிவியில் ஒவ்வொரு மரமாக வந்தது பார், ஒன்றுகூடக் குறையவில்லை. ரங்கன் தன் ஆறு மரத்தையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "சரிதாங்க" என்றான். முதல் தடவையாக என்னிடம் 'ங்க' போட்டான். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை நாட்டாண்மை உட்பட எல்லோரையும் ஜீப்பில் ஏற்றிப்போய்க் காட்டப் போகிறேன். வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது.

ஆகவே உன் கம்பெனிக்காரர்களிடம் சொல்: மலிவான கேசட், நல்ல சாம்பல், நிறையக் கேழ்வரகு. நூறு வருஷத்துக்குக் கவலையில்லை. நீ சீக்கிரம் கல்யாணச் சேதி சொல்லி, பிள்ளை குட்டிகளோடு அமோகமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கோபால்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஜீப்காரர் சேதி கொண்டுவந்தார். வடிவேலு இன்று காலை அந்தக் கம்ப்யூட்டரைப் பெங்களூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்பணம் கட்டிவிட்டானாம். கேசட் என்னிடம் இருக்கிறது. அதைப் படிக்க ஜில்லாவில் வேறு பெட்டி இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். உன் அத்தை முறத்தை வைத்துவிட்டு, "ஒக்காந்து எழுதிக்க. அத்தினி மரத்துலயும் புளி பொறுக்கினவ நான், எனக்குத் தெரியாதா" என்று கிழக்குப் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். மூச்சு விடாமல் நூற்று எண்பது மரம் ஆகிவிட்டது. அதில் அவள் அண்ணன், அதாவது உன் அப்பா பேரில் மட்டும் பதினோரு மரம். கேசட்டில் நாலு இருந்ததாக எனக்கு ஞாபகம். நான் வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.