நடவு நாளில் ஆஸ்பத்திரி

நன்னிலம்

வேதாரண்யம் மாப்பிள்ளை ராஜராஜன் அவர்களுக்கு, மைத்துனன் வீரையன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கு நீங்களும் என் தங்கை பிரகதாம்பாளும் குழந்தைகளும் நலமாயிருக்க வேண்டும். போனிலேயே பேசியிருப்பேன், என் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும், மேகலா காதிலும் விழும். விஷயமே அவளைப் பற்றியதுதான்.

போன வியாழக்கிழமை நமக்கு நடவு. சேடை ஓட்டிச் சேறு கலக்கி, நாற்றைப் பறித்து முடி முடியாகக் கட்டி வரப்பில் போட்டு, வாய்க்காலில் நம் முறைத் தண்ணீரும் வந்துவிட்டது. விடிந்ததும் வயலில் இறங்கிய பெண்கள், நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் மொத்தமாகக் கரையேறி நிற்கிறார்கள். என்னவென்று கேட்டால், அவர்களுக்குத் தலைவியான செந்தாமரை, "சுகாதார நிலையத்துல கர்ப்பப்பை வாய்ப் புத்துநோய்க்கு டெஸ்ட் எடுக்குறாங்களாம் அண்ணே. ராசம்மா போறேங்குது. ஒருத்தி கரையேறுனா எல்லாரும் ஏறணும்ல?" என்கிறாள். ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறுவது அவர்கள் சட்டம், சரி. என் நாற்று வெயிலில் கிடக்கிறதே, அதற்கு என்ன சட்டம்? இத்தனைக்கும் தூண்டிவிட்டது யார் தெரியுமா? நான் தாலி கட்டிய மேகலாதான். "முப்பது வயசானா எல்லாரும் பாத்துக்கணும், நோவு வந்தப்பறம் போனா லேட்டு" என்று மகளிர் குழுவில் ஒரு வாரமாகப் பிரசங்கம் செய்திருக்கிறாள்.

நடந்து போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள் என்று, மேகலா உட்பட அத்தனை பேரையும் நானே டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனேன் மாப்பிள்ளை. அவர்கள் போட்ட குலவையில் டீக்கடைக்காரன், "எந்த ஊர்ல கல்யாணம்?" என்று கேட்கிறான். அங்கே போய் உட்கார்ந்தால் நர்ஸம்மா, "ஐயா, நீங்க எதுக்கு டோக்கன் வாங்குனீங்க?" என்கிறார். கொடுத்தார்கள், வாங்கினேன். ஒவ்வொருத்தியாக உள்ளே போய், "அட, இம்புட்டுத்தானா!" என்று வெளியே வந்தாள். எல்லாம் முடிந்தது, ஏறுங்கள் என்றால் ஒருத்தியும் அசையவில்லை. பார்த்தால், பிரசங்கம் செய்த மேகலா மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறாள்! "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்கிறாள். செந்தாமரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அக்கா உள்ள போவாம நாங்க வண்டி ஏற மாட்டோம்" என்று சொல்லிவிட்டாள். வெயில் ஏறுகிறது, தண்ணீர் முறை முடியப் போகிறது, வேறு வழியில்லாமல் அத்தனை பேர் முன்னால், "ஒன் கால்ல வேணும்னாலும் விழறேன், உள்ள போயிட்டு வாம்மா" என்று கெஞ்சினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டு வந்தாள். பாதி வயல்தான் நட முடிந்தது. மீதி நாற்று வாடிப்போயிற்று.

ஆகவே, நீங்கள் நேரில் வந்து அவளை நாலு வார்த்தை கண்டிக்க வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பாள். குழந்தைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஊர் முன்னால் மானம் போன மைத்துனன்,
வீரையன்

பி.கு.: நடவு வேலையில் இதைத் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். அதற்குள் டெஸ்ட் முடிவு வந்துவிட்டது. அத்தனை பேரில் மேகலாவை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். அப்படியே போட்டது போட்டபடி அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். புற்று இல்லையாம், கவனிக்காமல் விட்டிருந்தால் பின்னால் ஆகியிருக்கலாமாம். அந்த இடத்தில் சூடு வைத்துச் சரிசெய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள், நானே கூட்டிப் போவேன். நீங்கள் கண்டிக்க வர வேண்டாம். தங்கையை உடனே டெஸ்டுக்கு அழைத்துப் போங்கள். பயமாயிருக்கு என்பாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அண்ணன் உட்கார்ந்து அழுதான் என்று சொல்லுங்கள். கிளம்பிவிடுவாள்.