நாற்பது பேர், நாற்பது விதம்

"தலைவரே, நாற்பது பேரும் ஒரே கட்டத்துல டிக் போட்டிருக்காங்களே, இது எப்படி?"

தெருத் தலைவர் பாக் கிஸ்வோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ரத்மி நீட்டிய படிவங்களைப் பார்த்தார். 'என் முடிவுகளை நானே எடுக்கிறேன்' என்ற முதல் வரிக்கு எதிரே ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள்; ஐந்து என்றால் முழுச் சம்மதம். நாற்பது டிக்கும் ஐந்தில்தான் உட்கார்ந்திருந்தன.

"சரியாத்தானேம்மா இருக்கு?"

"எல்லாரும் எப்படி ஒரே மாதிரி...?"

"சனிக்கிழமை கூட்டத்துல பேசினோம். அவங்கவங்க முடிவை அவங்கவங்களே எடுக்கிறதுன்னு எல்லாருமாச் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம். ஒருமனதா! தர்மின் மட்டும் கொஞ்சம் இழுத்தான். அவனையும் சம்மதிக்க வெச்சாச்சு."

ரத்மிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சோலோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் உளவியல் துறையில் ஒன்பது வருஷமாகத் தற்காலிக உதவியாளர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை நீளும். இந்த முறை நீளாது என்று சொல்லிவிட்டார்கள். ஹாலந்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் பேராசிரியர் ரூலோஃப் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் வீட்டோடு உட்கார வேண்டியதுதான். கடிதத்துக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. நாற்பது பேர், யாரும் யாரையும் கேட்காமல், தனித்தனியே நிரப்பிய நாற்பது படிவம். வெள்ளிக்கிழமை காலை நேரில் வந்து வாங்கிக்கொள்வார்.

சொந்தத் தெருவென்றால் சுலபம் என்று நினைத்தாள். சறுக்கினதே அங்கேதான்.

செவ்வாய்க்கிழமை புதுப் படிவங்களோடு வீடு வீடாக ஏறினாள். முதல் வீடு மோட்டார் சைக்கிள் மெக்கானிக் தர்மினுடையது.

"அண்ணே, இங்கேயே, என் எதிர்லயே போட்டுக் குடுத்துடுங்க. அஞ்சு நிமிஷம்."

"போட்டாப் போச்சு. தலைவர் என்ன போட்டாரு?"

"அது உங்களுக்கு எதுக்குண்ணே?"

"அவரு ரெண்டு போட்டு நான் நாலு போட்டா நல்லாவா இருக்கும்?"

உள்ளேயிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள். "ஏங்க, மூணு போடுங்க! அஞ்சு போட்டா திமிருன்னுவாங்க, ஒண்ணு போட்டா கோவம்னுவாங்க. மூணு யாரையும் கடிக்காது!"

தர்மின் இருபது கேள்விக்கும் மூணு போட்டான். ரத்மி தேநீர் குடித்து, பொரித்த சோயாத் தெம்பே தின்றாள். அடுத்த வீட்டில் மறுபடி தேநீர், தெம்பே, மூணு. ஆறாவது வீட்டுக்குப் போவதற்குள் 'மூணு' என்ற சேதி அவளுக்கு முன்னால் போய்விட்டது. வாசலிலேயே நின்றிருந்த பெண்மணி, "மூணுதானேக்கா? பேனா எங்கிட்டயே இருக்கு" என்றாள்.

வயிறு நிறையத் தெம்பேயும் கை நிறைய மூணுமாக ரத்மி தலைவர் வீட்டுக்கே போனாள். அன்றைக்கு அவள் செய்த பெரிய தப்பு அதுதான்.

"தலைவரே, கொஞ்சம் நீங்களே சொல்லிடுங்க. உங்களை மாதிரி யாரும் போட வேண்டாம்னு."

பாக் கிஸ்வோ புன்னகை செய்தார்.

"ரொம்ப நல்லதுங்க. அப்படியே சொல்லிடறேங்க. தேநீர் சாப்பிடுங்க."

பிறந்ததிலிருந்து 'வாம்மா ரத்மி, போம்மா ரத்மி' என்று கூப்பிட்டவர் 'ங்க' போட்டுவிட்டார். சோலோவில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

புதன்கிழமை தெரு முழுக்க அவளுக்கு மரியாதை பொங்கி வழிந்தது. தர்மின் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். காய்கறிக்காரி, "வாங்க, என்ன வேணுங்க?" என்றாள். படிவத்தைப் பற்றி வாயைத் திறந்தால், "ஆகட்டுங்க, பார்க்கலாங்க" என்று கும்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"இப்பிடி ஒரு ஊர் மரியாதையை நான் பார்த்ததே இல்லைடி," என்றார் ரத்மியின் புருஷன். "போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா. எனக்குக்கூட சலூன்ல 'ங்க' போட ஆரம்பிச்சுட்டாங்க."

ஒரு கூடை சலாக் பழத்தோடு போனாள். பாக் கிஸ்வோ முதலில் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு பேரன் சுன்னத்தைப் பற்றி. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பழத்தை எடுத்து உரித்தார்.

"நீ மட்டும் எதுக்கும்மா இந்தப் பழத்தைத் தூக்கிட்டு வந்தே? உன் வீட்டுக்காரன் என்ன, சும்மாவா இருக்கான்?"

'ங்க' போய்விட்டது. ரத்மிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"வேலை போயிடும் தலைவரே. ஒன்பது வருஷம். வெள்ளிக்கிழமை அவரு வந்து இந்த மூணையெல்லாம் பார்த்தாருன்னா..."

"அந்த மனுஷனுக்கு என்னதான் வேணும்? சுத்தி வளைக்காமச் சொல்லு."

"வித்தியாசம் வேணும். நாற்பது பேரும் நாற்பது விதமா இருக்கணும்."

பாக் கிஸ்வோ தொடையில் தட்டிக்கொண்டார். "அடி அசடே! இதை முதல்லயே சொல்லியிருந்தா நாலு நாள் அலைஞ்சிருக்க வேண்டாமே! நீ வீட்டுக்குப் போ. நாளைக்குச் சாயங்காலம் எல்லாம் வந்து சேரும்."

வியாழன் மாலை வந்து சேர்ந்தன. ரத்மி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஆகா! ஒருவர் ஒன்று, ஒருவர் நாலு, ஒருவர் ஐந்து. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் இவ்வளவு பேதமா! எதிர்வீட்டுச் சாது விதவை, 'போட்டி என்றால் எனக்கு உயிர்' என்பதற்கு ஐந்து போட்டிருந்தாள். மனசு என்பது ஆழ்கிணறுதான் என்று நினைத்துக்கொண்டு, நாலு நாளைக்கப்புறம் ரத்மி நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை தெரு மண்டபத்தில் எல்லோரும் நல்ல பத்திக் சட்டை போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியர் ரூலோஃப் ஆறரை அடி உயரத்தை எப்படியோ மடித்து உட்கார்ந்து படிவங்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அருமை, ரத்மி. மிக அருமை. இப்படி ஒரு வேறுபாட்டை நான் எதிர்பார்க்கவில்லை. கடிதத்தை இப்போதே எழுதிவிடுகிறேன்."

தாளை எடுத்து, பேனாவைத் திறந்தார். சும்மா எழுதியிருக்கலாம். மனுஷருக்கு ஆர்வம் தாங்கவில்லை.

"திரு. தர்மின் யார்? 'பெரியவர்களைச் சபையில் எதிர்த்துப் பேசுவேன்' என்பதற்கு ஐந்து போட்டிருக்கிறீர்கள். கடைசியாக எப்போது எதிர்த்துப் பேசினீர்கள்?"

தர்மின் காது வரை சிவந்தான். தலைவரைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"ஐயோ, நான் எங்க சார்... எனக்கு அந்தச் சீட்டுதான் வந்துச்சு."

"எந்தச் சீட்டு?"

பாக் கிஸ்வோவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "நாங்க மாசா மாசம் குலுக்கல் சீட்டு நடத்துறோம் இல்லையா, அதே கண்ணாடி டம்ளர்தான் சார். இருபது கேள்விக்கும் பதிலை நாற்பது விதமா எழுதி, சுருட்டிப் போட்டுக் குலுக்கினோம். அவங்கவங்களுக்கு வந்ததை அவங்கவங்க எடுத்துக்கிட்டாங்க. பாரபட்சமே கிடையாது!"

"ஹாஜி தாத்தாவுக்கு 'பெத்தவங்க பேச்சைக் கேக்க மாட்டேன்'னு விழுந்துடுச்சு சார்," என்றான் தர்மின், இனி மறைக்க என்ன இருக்கிறது என்று. "எழுபத்தாறு வயசுல தேம்பித் தேம்பி அழுதாரு. அப்புறம் நான்தான் என்னோடதைக் குடுத்து மாத்திக்கிட்டேன். அவரு எடுத்ததுல இந்த எதிர்த்துப் பேசுறதும் சேர்ந்து வந்துடுச்சு."

ஹாஜி தாத்தா மூலையிலிருந்து நன்றியோடு தலையாட்டினார்.

பேராசிரியர் பேனாவை மூடினார். அந்தச் சின்னக் 'கிளிக்' சத்தம் ரத்மியின் நெஞ்சில் விழுந்தது.

"தப்பு என்னோடது சார்," என்றாள். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். "வித்தியாசம் வேணும்னு நான்தான் கேட்டேன். என் வேலை போயிடக் கூடாதுன்னு இவங்க பண்ணினது. இவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

"நாங்க வேணா மறுபடி குலுக்கிடறோம் சார்," என்றார் பாக் கிஸ்வோ. "ஒரு அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்."

"வேண்டாம். ரத்மி, உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதை வைத்து நான் கடிதம் எழுத முடியாது. இதில் தனிமனிதரே இல்லை." அவர் பையிலிருந்து இன்னொரு படிவக் கட்டை எடுத்துப் பாயின் நடுவில் வைத்தார். "பாருங்கள். இவை எங்கள் ஊரில் நிரப்பியவை. நாற்பது பேர். ஒவ்வொருவரும் தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மனைவியைக்கூடக் கேட்காமல் நிரப்பினார்கள். தனியாகச் சிந்திப்பது என்றால் இதுதான்."

மனைவியைக்கூடக் கேட்காதவர்களை நினைத்து இரண்டு பேர் பெருமூச்சு விட்டார்கள்.

கூட்டத்துக்கெல்லாம் தேநீர் போடுகிற ஜுமினா தட்டோடு வந்தாள். டம்ளர் வைக்க இடமில்லை. தட்டை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, ஹாலந்துக் கட்டைக் கையில் எடுத்தாள். எழுத்து புரியாவிட்டாலும் ஒரு தாளைத் திருப்பினாள். இன்னொன்றைத் திருப்பினாள். அப்புறம் கட்டைவிரலால் சரசரவென்று கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்தாள்.

"ரத்மிக்கா, இந்த மூணாவது வரி என்ன கேக்குது?"

அதே கேள்விகள்தான்; ரத்மி எட்டிப் பார்த்துச் சொன்னாள். "'நான் மற்றவர்களைப் போல் இல்லை.'"

"ஓ," என்றாள் ஜுமினா. நாற்பது தாளிலும் கடைசிக் கட்டத்திலேயே வரிசையாக நின்ற நாற்பது டிக்கை இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தாள். பிறகு கட்டை மரியாதையாகப் பேராசிரியர் கையில் கொடுத்துவிட்டு, அவருக்குத் தேநீரை நீட்டியபடி கேட்டாள்:

"ஏன் சார், உங்க தெருத் தலைவர் ரொம்பக் கண்டிப்போ?"